படத்துக்குப் பின்னால் ஒரு சொல்

மதுரையில், ராஜபாளையம் வண்டிதானா என்று இரண்டு பேரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் ஏறினேன். அன்று புரட்டாசிச் சனிக்கிழமை என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. வழிநெடுகக் கூட்டம் ஏறிக்கொண்டே இருந்தது. துளசி, கற்பூரம், வியர்வை, எண்ணெய் கசியும் புளிச்சோற்றுப் பொட்டலம் எல்லாம் சேர்ந்து ஒரே வாசனை. என் மடியில் யாரோ ஒரு பையை வைத்தார்கள். அப்புறம் ஒரு குழந்தையை வைத்தார்கள். குழந்தை என் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றப் பார்த்தது.

கிருஷ்ணன்கோவில் தாண்டி இன்னும் சற்றுத் தூரம் போனதும் வண்டி நின்றது. எல்லாரும் ஒரேயடியாக எழுந்தார்கள். பக்கத்தில் இருந்தவர் என் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார். நான் "ராஜபாளையம், ராஜபாளையம்" என்று சொல்லச் சொல்ல, "வாங்க சாமி, பாத்து, படி இருக்கு" என்று தரையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போய்விட்டார். கண் தெரியாதவன், புரட்டாசிச் சனி, வேறெங்கே போவான் என்று அவரே முடிவு செய்திருக்க வேண்டும். வண்டியும் கிளம்பிவிட்டது.

கையில் மடக்குக் கோல், தோளில் மடிக்கணினிப் பை. அப்போது ஒரு குரல், தகரத்தைத் தட்டிக்கொண்டு, "திருவண்ணாமலை, திருவண்ணாமலை ஏறு" என்று கூவியது. எனக்குத் தெரிந்த திருவண்ணாமலை வடக்கே எங்கோ இருக்கிறது. எத்தனை மணி நேரம் தூங்கிவிட்டேன், எந்த மாவட்டத்துக்கு வந்துவிட்டேன் என்று புரியாமல் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எங்க போகணும்?" என்று ஒரு பெண் குரல் கேட்டது. பூ விற்பவள் போலிருந்தது. ஈரத் துணியும் மரிக்கொழுந்தும் மணத்தன. சொன்னேன்.

"இது ஸ்ரீவில்லிபுத்தூரு. ராஜபாளையம் அடுத்த ஊருதான். அந்தத் திருவண்ணாமலை வேற. இது நம்மூரு மலை மேல இருக்க பெருமாளு. அங்க போறவுக வண்டிதான் அது" என்றாள். பிறகு யாரையோ கூப்பிட்டு, "ஏலே, இவிய ராஜபாளையம் வண்டியில ஏத்திவிடு. மலைக்கு ஏத்திறாத" என்றாள்.

எங்கள் பினாங்கில் இப்படி நடக்காது. கேட்காமல் யாரும் தூக்கமாட்டார்கள். ஆனால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றாலும் யாரும் எங்கே போகணும் என்று கேட்கவும் மாட்டார்கள். எது மேல் என்று அன்றைக்கு என்னால் சொல்ல முடியவில்லை.

எனக்குப் பதினொரு வயதில் காய்ச்சலில் பார்வை போனது. பினாங்கில் ஓர் ஊனமுற்றோர் சங்கத்தில் வேலை. தொண்ணூறுகளின் கடைசியில், இணையப் பக்கங்களை எப்படி அமைத்தால் கண், காது, கை சரியில்லாதவர்களும் பயன்படுத்தலாம் என்று விதிகள் எழுத ஒரு குழு கூடியிருந்தது. பல நாட்டுக்காரர்கள், எல்லாம் மின்னஞ்சலிலேயே. அதில் நானும் ஒருவன். படம் போட்டால் அதன் பின்னால் அது என்ன என்று ஒரு சொல் வையுங்கள், எங்கள் கணினி அதைப் பேசிக் காட்டும் என்பது விதிகளில் மிக எளிய ஒன்று. அதற்குத்தான் பெரிய சண்டை. 'வைக்க வேண்டும்' என்று எழுதுவதா, 'வைத்தால் நல்லது' என்று எழுதுவதா? பணக்கார நாட்டுக்குச் சரி, தொலைபேசிக் கம்பியே ஒழுங்காக இல்லாத ஊரில் இதெல்லாம் ஆடம்பரம் என்று சிலர் எழுதினார்கள். அப்படி ஓர் ஊருக்கு நானே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். குழுவில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தெரிந்தவர் ஒருவர் மூலம் ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில் இடம் கொடுக்கச் சம்மதித்தது. அங்கே டெலிபோன் ஆபரேட்டர் கண் தெரியாதவர், அவரை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவரே மில் விருந்தினர் அறைக்கு வந்தார். கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "பாலன் சாருங்களா? நான் ரெங்கமன்னாரு. ஆபரேட்டரு" என்றார். தொலைபேசியிலேயே வாழ்ந்தவரின் குரல், ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக நின்றது. கை கொடுத்தோம். இரண்டு பேரும் ஒருவர் கோலை ஒருவர் தடவிப் பார்த்தோம். என்னுடையது அலுமினியம், நாலாக மடியும். அவருடையது பிரம்பு.

"மடக்குனா பைக்குள்ள போயிருமா? நல்லாத்தான் இருக்கு. ஆனா நாய அடிக்க ஆகாதே" என்றார்.

அவர் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. சாப்பிட அழைத்துப் போனார். கண் தெரியாத இரண்டு பேர் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டருக்கு யாரிடம் பேசுவது என்று குழப்பம் வந்துவிடும் என்று அன்று கண்டுகொண்டேன். எங்கள் இருவரையும் விட்டுவிட்டு முன் சீட்டுக்காரரிடம், "இவங்க எங்க எறங்கணுமாம்?" என்று கேட்டார். ரெங்கமன்னார் பதில் சொன்னார். கண்டக்டர் மறுபடியும் முன் சீட்டுக்காரரையே, "தேரடிக்குப் பக்கத்துலயா?" என்று கேட்டார்.

எங்கள் ஊரில் கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை உண்டு. அஞ்சடி என்போம். மழையோ வெயிலோ அதிலேயே கோலைத் தட்டிக்கொண்டு போய்விடலாம். இங்கே அப்படி எதுவும் இல்லை. சாக்கடை, மிதிவண்டி, படுத்திருக்கும் மாடு. ரெங்கமன்னார் வாசனையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பால் சுண்டும் மணம் இடப்பக்கம் வந்தால் திரும்ப வேண்டும், எண்ணெய்ச் செக்கு வந்தால் தாண்டிவிட்டோம் என்று அர்த்தம்.

அவர் மனைவி செண்பகத்துக்குக் கண் தெரியும். பேண்டேஜ் துணித் தறியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, கீரை, அப்பளம். இலையில் எது எங்கே இருக்கிறது என்று கேட்காமலேயே சொன்னார். "சோத்துக்கு மேல் பக்கம் கீர. வலது கைப் பக்கம் அப்பளம்." உலகத்தில் எத்தனையோ ஓட்டல்களில் சாப்பிட்டிருக்கிறேன். கேட்காமல் அதைச் சொன்னவர்கள் குறைவு.

கை கழுவும்போது, தண்ணீர் ஊற்றிக்கொண்டே மெதுவாகக் கேட்டார்: "அண்ணே, மில்லுல புது டெலிபோன் மிசின் வருதாம். ஆளே வேண்டாமாம், அதுவே பேசுமாம். கம்ப்யூட்டர் படிச்சுக்கிட்டா இவியள வச்சுக்கிடுவோம்னு மேனேஜரு சொல்லியிருக்காரு. நீங்க வந்தது அதுக்குத்தான?"

நான் வந்தது அதற்கு இல்லை. விதியில் ஒரு சொல்லுக்காக வந்திருந்தேன். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? "முடிஞ்சதச் செய்யிறேன்மா" என்றேன். சோதனை என்று நான் எழுதி வைத்திருந்தது அந்த வீட்டுக்குச் சோறு என்பது அப்போதுதான் தெரிந்தது.

திங்கட்கிழமை மில்லுக்குப் போனோம். உள்ளே நுழைந்ததும் ஓயாத ஒரு இரைச்சல், தரையே உறுமுவது போல. காற்றில் பஞ்சு. டெலிபோன் அறை மரத் தடுப்பு போட்ட சின்ன இடம். அதற்குள் நாற்காலியை இழுத்து என் மடிக்கணினியை வைத்தோம். இணையத்துக்கு மதுரைக்கு டயல் செய்ய வேண்டும். அதற்கு ஒரு வெளி லைனை ரெங்கமன்னார்தான் தன் போர்டிலிருந்து பிரித்துக் கொடுத்தார். மோடம் கீச்சிடும், பாதியில் அறுந்துவிடும். மறுபடி டயல். அதற்குள் வெளியிலிருந்து போன் போட்டவர்களுக்கு லைன் கிடைக்கவில்லை என்று அலுவலகத்தில் முணுமுணுப்பு.

முதலில் சும்மா, ஒரு தமிழ்ப் பத்திரிகையின் பக்கத்தைத் திறந்தேன். அந்த நாளில் ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென்று ஓர் எழுத்துரு வைத்திருந்தது. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பதெல்லாம் ஆங்கிலக் குறிகள். திரையை வாசிக்கும் என் மென்பொருள், "பவுண்ட், காப்பிரைட், யூ, ஹைபன், பவுண்ட்" என்று வாசித்துக்கொண்டே போனது.

ரெங்கமன்னார் கொஞ்ச நேரம் கேட்டார். "இது எந்தூருத் தமிழு சார்?" என்றார்.

பிறகு மில்லின் சொந்தப் பக்கத்துக்கு வந்தோம். நூல் வாங்குபவர்கள் அதில் ஆர்டர் அனுப்புவார்கள். அதைப் பார்த்துப் பதில் அனுப்ப வேண்டும். அதுதான் அவருக்குத் தருவதாகச் சொல்லப்பட்ட வேலை. எல்லாம் ஆங்கிலத்தில். அவர் பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளியில் படித்தவர், ஆங்கிலம் தெரியும். ஹெட்போனை இருவரும் ஆளுக்கொரு காதாக வைத்துக்கொண்டோம். "இமேஜ், பட்டன் ஒன். இமேஜ், பட்டன் டூ. இமேஜ், நியூ பட்டன் டூ காப்பி. இமேஜ். இமேஜ்." அவ்வளவுதான். பக்கம் முழுக்கப் படம். எழுத்தையும் படமாகவே செய்து ஒட்டியிருந்தார்கள். எதை அழுத்தினால் ஆர்டர், எதை அழுத்தினால் விலாசம் என்று ஒன்றும் தெரியவில்லை. அவர் பொறுமையாக ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்தார். ஒன்று முதல் பக்கத்துக்கே திரும்பக் கொண்டுவந்தது. ஒன்று எதுவுமே பேசவில்லை.

மாலையில் மேனேஜர் வந்தார். நல்ல பேச்சு, மரியாதையான மனிதர், வாயில் ஏலக்காய் மணம். நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப இவரால முடியாதுன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்துருங்க சார்" என்றார்.

"இவரால் முடியும். பக்கத்தால்தான் முடியவில்லை. அதில் ஒன்றும் எழுதப்படவில்லை."

"ரெண்டும் ஒண்ணுதான சார்?"

இத்தனை வருடம் குழுவில் நாங்கள் மாறி மாறி எழுதிக்கொண்ட நீளமான கடிதங்கள் எல்லாம் அந்த ஒரு கேள்விக்குப் பதில்தான். பக்கத்தைச் செய்தவரைக் கூப்பிட முடியுமா என்று மட்டும் கேட்டேன். மேனேஜர் உள் தொலைபேசியை எடுத்து முதலாளியோடு தெலுங்கில் பேசினார். நிதானமாக, இடையில் ஒரு முறை சிரித்து. எனக்குத் தெலுங்கு தெரியாது. ரெங்கமன்னார் பக்கத்தில் ஹெட்போன் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு சுற்றியதை அவிழ்த்தார்.

பேசி முடித்து மேனேஜர், "முதலாளிக்கு ரொம்ப சந்தோஷம். நாளைக்கு மதுரையிலருந்து ஆளு வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"இன்னொரு தடவ மொதல்லருந்து போடுங்க சார்" என்றார் ரெங்கமன்னார். போட்டேன். இமேஜ், பட்டன் ஒன்.

செவ்வாய்க்கிழமை வந்தவர் பத்மா. கிருஷ்ணன்கோவில் பக்கம் பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு மதுரையில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தார். வரும்போதே கோபம். வழியில் பஸ் டயர் பஞ்சராகி வெயிலில் நின்றிருந்தார். பக்கத்தில் என்ன குறை, முதலாளி பார்த்துச் சரி சொன்னதுதானே என்றார். நான் ஒன்றும் விளக்கவில்லை. ஹெட்போனை அவர் கையில் கொடுத்து, திரை மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினேன். "ஈரோட்டுக்காரர் என்ன ஆர்டர் அனுப்பியிருக்கிறார் என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றேன்.

சாவிகள் தட்டும் சத்தம் கேட்டது. கொஞ்சம் வேகமாக. பிறகு நின்று நின்று. பிறகு சத்தமே இல்லை.

"யாரும் சொல்லலியே சார்" என்றார். குரல் மாறியிருந்தது. "காலேஜ்லயும் சொல்லல. வாசிக்கிறது கண்ணு இல்லாத ஆளா இருக்கும்னு ஒருத்தரும் சொல்லல."

படங்களை எடுக்க வேண்டியதில்லை, அவை அப்படியே இருக்கட்டும், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு சொல் வைத்தால் போதும் என்றேன். அவர் உட்கார்ந்தார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். சில இடங்களில் ரெங்கமன்னார் குறுக்கிட்டார். "'கிளிக் ஹியர்'னு வச்சா எங்க போவும்னு எப்படித் தெரியும்? போற எடத்தச் சொல்லுங்கம்மா." மத்தியானம் ஒரு கடையிலிருந்து எண்ணெய்ப் பரோட்டா வந்தது. எங்கள் ஊர் ரொட்டி சானாய் மெத்தென்று பிய்யும். இது மொறுமொறுவென்று உடைந்தது. மூன்று பேரும் ஒரே காகிதத்தில் வைத்துச் சாப்பிட்டோம். விதியில் 'வேண்டும்' என்பதா, 'நல்லது' என்பதா என்று குழுவில் நடக்கும் சண்டையை அப்போது சொன்னேன். அந்தப் பயணத்தில் சந்தோஷமாக இருந்த பொழுது அது ஒன்றுதான். வேலை சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. பத்மா பஸ்ஸுக்குப் போகும்போது, "நான் பண்ண மத்தப் பக்கங்களையும் பாக்கணும் சார்" என்றார்.

புதன்கிழமை லைன் மூன்று முறை அறுந்தது. நாலாவது முறை நின்றது. ரெங்கமன்னார் தனியாக ஹெட்போனை மாட்டிக்கொண்டார். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். ஒவ்வொரு சாவியாகத் தட்டினார். ஹெட்போனுக்கு வெளியே கசியும் குரல் எனக்கும் கேட்டது. "ஆர்டர்ஸ் ரிசீவ்டு." தட்டினார். "ஈரோட். ஃபார்ட்டீஸ் கோம்ப்டு." நாற்பதாம் நம்பர் நூல், ஈரோட்டுக்கு. எழுதினார். ஒரு எழுத்தைத் தவறாகத் தட்டி அழித்துத் திருத்தினார். "செண்ட் ரிப்ளை" என்றது. தட்டினார். "ரிப்ளை சென்ட்."

அவர் ஹெட்போனைக் கழற்றவில்லை. பிறகு, "இன்னொன்னு இருக்கு, திருப்பூரு" என்று அதையும் படித்துப் பதில் போட்டார். எல்லாம் முடிந்த பின் என் பக்கம் திரும்பி, "பள்ளிக்கூடம் விட்ட பொறவு, ஒருத்தரு எழுதுனத நானே வாசிக்கிறது இதான் சார் மொதத் தடவ" என்றார். "வீட்டுக்கு வாற கடுதாசிய அவதான் வாசிப்பா. மத்ததெல்லாம் காதுல விழுறதுதான்."

மேனேஜரைக் கூப்பிட்டோம். அவர் முன்னால் ரெங்கமன்னார் மறுபடி செய்து காட்டினார். மேனேஜர் நின்றபடியே பார்த்தார். பேசும் மென்பொருளை எங்கள் சங்கமே வாங்கி அனுப்பும், மில்லுக்குச் செலவு இல்லை என்றும் சொன்னேன்.

"ரொம்ப நல்லாருக்கு சார். யோசிச்சுச் சொல்றேன்" என்றார். காலடிச் சத்தம் சீக்கிரமாகவே தூரம் போயிற்று.

அன்று மாலை ரெங்கமன்னார் என்னைத் தன் வீட்டுக்கே வரச் சொன்னார். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. மில்லின் இரைச்சல் காதை விட்டு இறங்கிய பிறகுதான் பேசினார்.

"சார், ஒண்ணு சொல்லுதேன். வருத்தப்படாதிய. திங்கக்கெழம மேனேஜரு மொதலாளிகிட்டத் தெலுங்குல பேசுனாருல்ல. எனக்குத் தெலுங்கு வெளங்கும். அந்தப் போர்டுல உக்காந்து எம்புட்டு வருசமாக் கேக்கேன்."

"என்ன சொன்னார்?"

தமிழில் சொன்னார், ஒவ்வொரு சொல்லாக, தொலைபேசியில் செய்தி சொல்வது போல: "புது மிசின் வந்து எறங்கிருச்சு. தீவாளி கழிச்சு மாட்டிருவோம். கம்ப்யூட்டருக்கு உங்க மச்சான் மகனையே போட்டுருவோம். கண்ணில்லாதவர என்ன செய்யன்னு யாரும் கேக்காத மாதிரி, இந்த வெளிநாட்டுக்காரரு வாயாலயே முடியாதுன்னு சொல்ல வச்சிருவோம். அந்தப் பொண்ணும் வந்து பாத்துட்டுப் போவட்டும், அப்பத்தான் ஞாயமா இருக்கும்."

பஸ் எங்கோ நின்று கிளம்பியது. யாரோ முறுக்கு விற்றுக்கொண்டு போனார்.

"திங்கட்கிழமையே ஏன் சொல்லவில்லை?" என்றேன்.

"சொன்னா நீங்க அவருகிட்டச் சண்டைக்குப் போவிய. உங்கள ஊருக்கு அனுப்பிருவாக. பொறவு எனக்கு வாசிக்க ஏது?" என்றார். பிறகு, "வாசிச்சுப் பாத்துரணும்னு இருந்துச்சு சார்" என்றார்.

வீட்டில் செண்பகம் இட்லி ஊற்றிவிட்டுக் காத்திருந்தார். தான் வாசித்ததை ரெங்கமன்னார் சொன்னார், ஈரோடு, திருப்பூர், நாற்பதாம் நம்பர் எல்லாம். தெலுங்குப் பேச்சைச் சொல்லவில்லை. செண்பகம், "அப்ப வேல உறுதிதான?" என்றார். ரெங்கமன்னார் என் முழங்காலை லேசாக அழுத்தினார். நான் இட்லியைப் பிட்டுக்கொண்டே இருந்தேன்.

வியாழக்கிழமை நான் மட்டும் மேனேஜரைப் பார்க்கப் போனேன். ரெங்கமன்னார் வாசித்ததை நீங்களே பார்த்தீர்கள், பிறகு என்ன தடை என்று கேட்டேன். தெலுங்குப் பேச்சை நான் எடுக்கவில்லை. எடுத்தால் ரெங்கமன்னார் ஒட்டுக்கேட்டார் என்றாகும், இருப்பதும் போய்விடும்.

"சார், நீங்க விருந்தாளி. உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு" என்றார் மேனேஜர். "அவர நாங்க விட்டுறல. கழிவுப் பஞ்சு ரூம்ல எடம் போட்டிருக்கோம். பஞ்சையும் தூசியையும் பிரிக்கணும், கையாலதான. கண்ணு எதுக்கு? சம்பளம் கொஞ்சம் கொறையும். வேற எந்த மில்லுல இதச் செய்வாங்க சொல்லுங்க."

"அவர் ஆர்டர் பார்க்க முடியும் என்று நிரூபித்துவிட்டார்."

"அது உங்க பரிச்ச சார். அதுல பாஸ்தான். நான் இல்லன்னு சொல்லலியே."

முதலாளிக்கு எழுதுவேன் என்றேன். தாராளமாக எழுதுங்கள் என்று விலாசத்தையும் சொன்னார். ஊருக்குத் திரும்பி எழுதவும் செய்தேன். பதில் வரவில்லை.

கழிவுப் பஞ்சு அறையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். ஒரு தொழிலாளி கூட்டிப் போனார். கதவைத் திறந்ததுமே மூக்கு அடைத்துக்கொண்டது. கையை நீட்டினால் பஞ்சு, முகத்தில் பஞ்சு, உதட்டில் பஞ்சு. ஓரமாக இரண்டு பெண்கள் இருமினார்கள், ஒருவர் நிறுத்தும்போது மற்றவர். அங்கே சத்தம் எல்லாம் அமுங்கிப்போய், பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கும் சரியாகக் கேட்கவில்லை. காதையே நம்பி வாழ்ந்த ஒரு மனிதரை உட்கார வைக்க அதைவிட மோசமான இடம் அந்த மில்லில் இருந்திருக்காது. மேனேஜர் அதை வேண்டுமென்றே செய்தார் என்று நான் நினைக்கவில்லை. அவர் யோசித்திருக்கவே மாட்டார்.

வெள்ளிக்கிழமை ரெங்கமன்னார் லீவு போட்டுவிட்டு என்னை மதுரை வண்டி ஏற்ற வந்தார். வேறு வேலை தேடுங்கள், வங்கிகளில் டெலிபோன் ஆபரேட்டர் எடுக்கிறார்களே என்றேன். வயது தாண்டிவிட்டது என்றார். டெலிபோன் பூத் கேட்டு மனுக் கொடுத்திருப்பதாகவும், அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது என்றும் சொன்னார். பஞ்சு அறைக்குப் போவீர்களா என்று கேட்டேன்.

"போவாம? அவளுக்குத் தெரியாம எத்தன நாளைக்கு இருக்க முடியும்" என்றார். பிறகு, "உங்க விதியில அத எழுதிருவியளா? 'வேண்டும்'னு?" என்று கேட்டார்.

"முயற்சி செய்வேன்."

"எழுதிருங்க. எழுதுனா எனக்குச் சொல்லுங்க."

நான் உள்ளே உட்கார்ந்த பிறகும் அவர் பஸ்ஸின் தகரத்தில் கைவைத்து நின்றிருந்தார் என்று பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார். வண்டி நகர்ந்ததும் கையை எடுத்துக்கொண்டாராம்.

பினாங்கு வந்ததும் நடந்ததை எல்லாம் அறிக்கையாக எழுதி அனுப்பினேன். கம்பி அறுந்ததையும், பக்கத்தைத் திருத்த ஒரு பகல் போதுமாக இருந்ததையும், அவர் வாசித்ததையும் எழுதினேன். அதற்குப் பிறகு மில்லில் நடந்ததையும் எழுதினேன். முதல் பாதி மிகப் பயனுள்ளது என்று குழுவில் நன்றி சொன்னார்கள். இரண்டாம் பாதி வருந்தத்தக்கது, ஆனால் விதிகளின் எல்லைக்குள் வராது என்று ஒருவர் எழுதினார். அவர் சொன்னது சரிதான். எங்களால் பக்கத்துக்குத்தான் விதி எழுத முடியும்.

மதுரையிலிருந்து பத்மா ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். தான் செய்த பக்கங்களில் எல்லாம் படங்களுக்குப் பின்னால் சொல் வைத்துவிட்டதாகவும், கம்பெனியில் இதற்கு எதற்கு நேரம் செலவழிக்கிறாய் என்று கேட்டதாகவும், தொடர்ந்து வைக்கப்போவதாகவும் எழுதியிருந்தார்.

சில மாதங்கள் கழித்து முடிவு வந்தது. வாக்கியத்தில் 'வைக்க வேண்டும்' என்றே இருந்தது. என் கணினி அதை வாசித்தபோது மறுபடி ஒரு முறை வாசிக்கச் செய்து கேட்டேன். எழுதினால் தனக்குச் சொல்லும்படி ரெங்கமன்னார் கேட்டிருந்தார். அவர் வீட்டில் தொலைபேசி இல்லை. மில் எண்ணுக்கே போட்டேன்.

ஆங்கிலத்தில் பதிவு செய்து வைத்த ஒரு பெண் குரல். வணக்கம் சொல்லி, உள் எண் தெரிந்தால் அழுத்தச் சொன்னது. தெரியாவிட்டால் ஒன்பதை அழுத்தி ஆபரேட்டரிடம் பேசலாம் என்றது. ஒன்பதை அழுத்தினேன். வெகுநேரம் மணி அடித்தபின் ஒருவர் எடுத்தார். பின்னால் லாரி ஹாரன் கேட்டது.

"ஆபரேட்டருங்களா?" என்றேன்.

"ஆபரேட்டரு யாரும் இல்ல சார். இது கேட்டு. நான் வாட்சுமேன்."

"ரெங்கமன்னாரிடம் பேச வேண்டும்."

"பஞ்சு ரூம்புக் கண்ணு தெரியாதவியளா? அங்கன போன் கெடையாதே சார். வேல முடிஞ்சு இப்படித்தான் போவாக. எதுவும் சொல்லணும்னா சொல்லுங்க, சொல்லிருதேன்."

"பினாங்கிலிருந்து பாலன் பேசினேன் என்று சொல்லுங்கள். படம் போட்டால் பின்னால் ஒரு சொல் வைக்க வேண்டும் என்று முடிவாகிவிட்டது என்று சொல்லுங்கள். 'வேண்டும்' என்றே எழுதியாயிற்று என்று சொல்லுங்கள்."

"எந்தப் படம் சார்?" என்றார் வாட்சுமேன். கேலி இல்லை, சரியாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று நினைக்கிற ஒருவரின் கேள்வி.

நான் மறுபடி முதலிலிருந்து, மெதுவாகச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பாதியில் கேட்டில் யாரோ கூப்பிட்டார்கள்.

"செத்த இருங்க சார், வாரேன்" என்று போனை வைக்காமல் கீழே சாய்த்துவிட்டுப் போனார்.

இருந்தேன்.